கருப்பொருளும் உரிப்பொருளும்
மூணாறு அருங்காட்சியகம்: ஒரு திறனாய்வு

நூலுக்கு ஆசிரியன் இருப்பது போலவே அருங்காட்சியகத்திற்கும் ஆசிரியன் உண்டு. எதனை எடுத்து வைப்பது, எதனை விட்டுவிடுவது, எதனை வாயிலருகே நிறுத்துவது, எதற்கு எத்தனை வரியில் விளக்கம் எழுதுவது என்பவற்றையெல்லாம் ஒருவரோ ஒரு குழுவினரோ முடிவு செய்கின்றனர். ஆதலின் கவிதையையும் புதினத்தையும் நாம் திறனாய்வதைப் போல அருங்காட்சியகத்தையும் திறனாயலாம். நம்மைப் போலப் பிறந்த மண்ணை விட்டு மலையேறி வந்த குடும்பங்களுக்கு இத்திறனாய்வு பொழுதுபோக்கன்று. நம் முன்னோரைப் பற்றிய வரலாறு நூல்களில் எழுதப்படும் முன்பே கண்ணாடிப் பேழைகளில் எழுதப்பட்டு வருகிறது.

அளவுகோலைத் தேடி அயல்நாட்டுக்குச் செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் வகுத்துத் தந்த முதல், கரு, உரி என்னும் மூன்றே போதுமானவை. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் முதலியன கருப்பொருள். அந்நிலத்தில் வாழும் மாந்தரின் ஒழுக்கமும் உள்ளத்து உணர்வும் உரிப்பொருள். இம்மூன்றும் ஒன்றைவிட ஒன்று சிறந்தது என்பதும், உரிப்பொருளே தலையாயது என்பதும் தமிழ் மரபின் முடிபு. நிலத்தையும் பொழுதையும் பறவையையும் மரத்தையும் நிரப்பிவிட்டு மனித உள்ளத்தை மறந்த பாட்டைச் சங்கச் சான்றோர் பாட்டென்று ஏற்றிருக்கமாட்டார். இவ்வளவுகோலை மூணாற்றில் உள்ள தேயிலை அருங்காட்சியகத்தின் மீது வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோண்டிய மலையும் நட்ட மலையும்

தென்னாட்டு மலைநகர்களுள் சில சுரங்கத்தால் எழுந்தவை. பல தோட்டத்தால் எழுந்தவை. இரண்டும் உடன்பிறப்புகள் என்பதற்கு நீலகிரியின் மேற்கு எல்லையிலுள்ள தேவாலாவும் பந்தலூரும் சான்று. 1880ஆம் ஆண்டில் பிரௌ சுமித் என்னும் அறிஞர் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, அங்கே பொன் விளையும் என்று நம்பி இலண்டனில் பல நிறுவனங்கள் தோன்றின. காட்டின் நடுவே பொறிகள் ஏறின, குடியிருப்புகள் முளைத்தன. சில ஆண்டுகளுக்குள் அக்கனவு கலைந்தது. பொன் ஏமாற்றிய மலையில் பின்னர்த் தேயிலை வேரூன்றியது. கருநாடகத்தின் கோலார் தங்கவயலில் பொன் ஏமாற்றவில்லை. அங்கே வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற தமிழ் மாவட்டங்களிலிருந்தும் சென்ற தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பாதாளத்தில் இறங்கினர். 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28ஆம் நாள் அச்சுரங்கமும் மூடப்பட்டது.

தோண்டியவனும் நட்டவனும் வெவ்வேறு தொழிலினர். ஆனால் வாழ்க்கையின் அமைப்பு ஒன்றே. நிறுவனம் கட்டிய வரிசை வீடு, நிறுவனத்தின் சங்கொலிக்கு எழும் காலை, வேலை முடிந்தால் வீடும் முடியும் என்னும் விதி ஆகியவை இருவர்க்கும் பொது. ஆகவே சுரங்க நகரின் அருங்காட்சியகத்திற்குக் கூறுவது தோட்ட நகருக்கும் பொருந்தும்.

மூணாற்று மலை 1877ஆம் ஆண்டில் பூஞ்சாற்று அரசரிடமிருந்து ஜான் டேனியல் மன்றோ என்பவரால் குத்தகையாகப் பெறப்பட்டது. அஞ்சுநாட்டுத் தலைவர் ஒருவரின் பெயராலேயே கண்ணன் தேவன் மலை எனப் பெயர் வந்தது என்பர். 1880ஆம் ஆண்டில் பார்வதி என்னும் தோட்டத்தில் ஷார்ப் என்பவர் முதன்முதலில் தேயிலை நட்டார். 1897ஆம் ஆண்டில் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் அமைந்தது. 1902ஆம் ஆண்டில் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளத்தின் மீது எருதுகள் இழுத்துச் செல்லும் வண்டித் தொடர் ஏற்பட்டது. 1908ஆம் ஆண்டில் அது குறும்பாதை இரயிலாக மாறியது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை இரயிலில் சென்ற தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியவாறு கொட்டகுடிக்கு இறங்கிப் போடிநாயக்கனூர் வழியாக வெளியுலகை அடைந்தன. 1924ஆம் ஆண்டின் பெருவெள்ளம் அவ்விரயில் பாதையை அழித்தது. மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று கூறுவது இதனையே. கொல்லம் ஆண்டு 1099இல் நேர்ந்ததால் அப்பெயர்.

தேயிலை இறங்கிய அதே சரிவில்தான் நம் முன்னோர் பலர் ஏறினர். கொட்டகுடிச் சரிவில் கம்பிவடம் தேயிலைக்கு இருந்தது, மனிதருக்கு இல்லை. பெட்டி தொங்கிச் சென்ற வழியில் மனிதர் தலையில் மூட்டையும் இடுப்பில் குழந்தையுமாக நடந்தனர். இம்மலையின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் இவ்விரு பயணங்களையும் ஒருங்கே எழுத வேண்டும்.

பேழைக்குள் இருப்பவை

மூணாற்றை அடுத்த நல்லதண்ணித் தோட்டத்தில் 2005ஆம் ஆண்டில் தேயிலை அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. அதனைக் குறைத்து மதிப்பிடுதல் முறையன்று. நம் நாட்டுத் தொழில் நிறுவனங்களுள் பல, பழைய பொறியை இரும்பு விலைக்கு விற்றுவிட்டுப் பழைய ஏட்டைக் கரையானுக்கு விட்டுவிடுகின்றன. இங்கே அவை காக்கப்பட்டுள்ளன. 1905ஆம் ஆண்டைச் சேர்ந்த தேயிலை உருட்டும் பொறி, கன்னிமலை மின்நிலையத்தில் 1920களில் சுழன்ற பெல்டன் சக்கரம், குண்டளை இரயிலின் எஞ்சின் சக்கரம், பழைய தொலைபேசிக் கருவிகள், தட்டச்சுப் பொறிகள், துரைமார் வீட்டு மேசை நாற்காலிகள், குளியல் தொட்டி ஆகியவற்றைக் காணலாம். கொழுந்து தேயிலைத் தூளாகும் முறையும் செய்து காட்டப்படுகிறது. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோர் வீண்போகார்.

இவற்றுள் இரண்டு பொருள்கள் தமிழ் நெஞ்சத்தைத் தனியே நிறுத்துபவை.

முதலாவது, ஒரு சூரியக் கடிகாரம். 1913ஆம் ஆண்டில் நாசரேத்துக் கலைத் தொழிற்பள்ளியில் செய்யப்பட்டது. அந்நாளில் திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்திருந்த நாசரேத்து, இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. நிழலால் நேரங்காட்டும் அக்கருவிக்கு ஊரும் ஆண்டும் செய்த பள்ளியும் குறிக்கப்பட்டுள்ளன. குறிப்பு என்பது இவ்வாறுதான் இருக்க வேண்டும். தென்பாண்டிக் கைவினை மலையேறி வந்த கதையை அது இரண்டே வரியில் கூறிவிடுகிறது.

இரண்டாவது, பெரியகானல் அருகே கிடைத்த முதுமக்கள் தாழி. கி.மு. இரண்டாம் நூற்றாண்டினது எனக் குறிக்கப்படுவது. இம்மலை துரைமார் வந்த பிறகுதான் மனிதரைக் கண்டது என்னும் எண்ணத்தை அது ஓசையின்றி மறுக்கிறது.

அத்தாழியின் முன் நிற்கும்போது புறநானூற்றின் 256ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பு. கணவனோடு பல கடும் வழிகளைக் கடந்து வந்த பெண் ஒருத்தி, அவன் இறந்த பின் குயவனிடம் வேண்டுகிறாள். அவனுக்காக வனையும் தாழியைத் தனக்கும் இடமிருக்கும்படி அகலமாக வனையுமாறு கேட்கிறாள். தாழியின் உயரம், அகலம், காலம், மண்ணின் நிறம் எதனையும் அப்பாட்டு கூறவில்லை. எனினும் அதனைப் படித்தவன் தாழியை மறக்கமாட்டான். பேழையில் இருக்கும் தாழி கருப்பொருள். பாட்டில் இருக்கும் தாழியில் உரிப்பொருள் நிறைந்துள்ளது. அருங்காட்சியகத்தின் குறை எது என்பதை இதனைவிடத் தெளிவாகக் கூற இயலாது.

தொழிலாளர் அங்கே அறவே இல்லை என்று கூறுவது நேர்மையாகாது. பழைய ஒளிப்படங்களில் அவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பெருமையுடன் எடுத்துக்காட்டப்படும் பொருள்களின் வரிசையை மீண்டும் ஒருமுறை நோக்குக. பொறி, சக்கரம், தொலைபேசி, தட்டச்சு, நாற்காலி, குளியல் தொட்டி. தொல்காப்பியர் கூறிய கருப்பொருட் பட்டியலை இவ்வரிசைக்கு அருகில் வைத்துப் பார்த்தால் இடைவெளி புலப்படும். தொழில் உண்டு. தெய்வம் எங்கே? தோட்டந்தோறும் கல்லாக நட்டு வணங்கிய மாரியும் முனியும் எங்கே? உணவு எங்கே? திருவிழாவில் முழங்கிய தப்பும் உறுமியும் எங்கே? பொறி தேயிலையை உருட்டியது உண்மை. அப்பொறியின் வாய்க்குக் கொழுந்தைக் கொண்டுவந்து கொட்டிய கை எவருடையது?

இவ்வினாவிற்கு ஒரு புதிய நியாயமும் உண்டு. 2005ஆம் ஆண்டில் இத்தோட்டங்களின் நிருவாகம் தொழிலாளரும் பங்குதாரராகும் புதிய நிறுவனத்திடம் சென்றது. பங்கு ஏட்டில் இடம்பெற்றவரின் வரலாறு காட்சிப் பேழையிலும் உரிய பங்கைப் பெறுவதுதான் முறை.

குறிஞ்சி நிலத்தில் பாலை ஒழுக்கம்

இம்மலையின் உரிப்பொருள் யாது? நிலத்தால் இது குறிஞ்சி. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் இரவிகுளம் இதன் முடியில் உள்ளது. சுற்றுலாப் பயணிக்கு இது குளிரும் பசுமையும் கூடலும் ஆன குறிஞ்சியே. ஆனால் கூலிக்கு வந்தவனின் ஒழுக்கம் குறிஞ்சியன்று, பாலை. பிரிவும், வழிநடையும், ஊர் நினைவும், திரும்புவோம் என்னும் நம்பிக்கையும், அது ஆண்டுதோறும் தள்ளிப்போதலும் அவன் வாழ்வின் பொருள். உரிப்பொருள் அல்லாதன ஒரு திணையிலிருந்து மற்றொன்றில் மயங்கலாம் என்று இலக்கணம் இடந்தருகிறது. குறிஞ்சி நிலத்தில் பாலை ஒழுக்கம் நிகழும் இம்மயக்கமே மலைத்தோட்டத் தமிழரின் தனி இலக்கியம்.

எழுத்தாளர்கள் இதனை நெடுங்காலத்திற்கு முன்பே கண்டுகொண்டனர். புதுமைப்பித்தன் 1930களிலேயே 'துன்பக்கேணி' என்னும் நெடுங்கதையில், நெல்லைச் சீமைப் பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்திற்குச் சென்று படும் பாட்டைக் காட்டினார். இலங்கை மலையகத்தின் சி. வி. வேலுப்பிள்ளை, தொழிலாளர் வாயில் வழங்கிய பாடல்களைத் தொகுத்து 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' என நூலாக்கினார். ஆனைமலைத் தோட்டத்தில் 1940களில் மருத்துவராகப் பணிபுரிந்த பி. எச். டேனியல், தாம் கண்டதையும் கேட்டதையும் கொண்டு 1969ஆம் ஆண்டில் 'ரெட் டீ' என்னும் ஆங்கிலப் புதினத்தை எழுதினார். இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் அது 'எரியும் பனிக்காடு' எனத் தமிழுக்கு வந்தது.

இந்நூல்களில் துரைமார் மட்டும் கொடியர் அல்லர் என்பதையும் மறைக்கலாகாது. ஊருக்குச் சென்று முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்த கங்காணியும் தமிழனே. கூலியில் கணக்கெழுதிக் கழித்தவனும், லயத்திலும் சாதி பார்த்தவனும் தமிழனே. நாம் கேட்கும் அருங்காட்சியகம் நம் பெருமையை மட்டும் வைக்கும் கொலுமேடையாகிவிடக் கூடாது. கூடை இருக்கும் பேழைக்கு அருகில் கங்காணியின் கைத்தடியும் இருக்க வேண்டும். தன் குறையைக் காட்டத் துணியாத வரலாறு விளம்பரமாகவே முடியும். நிறுவனத்தின் விளம்பரத்திற்கு மாற்றாக இனத்தின் விளம்பரத்தை வைப்பதால் உரிப்பொருள் கிடைத்துவிடாது.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

பொருளோடு மனிதரையும் வைத்த அருங்காட்சியகங்கள் உலகில் இல்லாமற் போகவில்லை. வேல்சு நாட்டில் பிளைனவன் என்னும் மலைச் சிற்றூரில் பிக் பிட் என்ற நிலக்கரிச் சுரங்கம் இருந்தது. 1980ஆம் ஆண்டில் அது மூடப்பட்டது. 1983ஆம் ஆண்டில் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. வருவோர் தலைக்கவசமும் விளக்கும் அணிந்து, பழைய கூண்டிலேயே ஏறி, ஏறக்குறைய 90 மீட்டர் ஆழத்திற்கு இறங்குகின்றனர். அவர்களை அழைத்துச் சென்று விளக்கியவர்கள், அத்தொழிலைச் செய்து கைகாய்த்த முன்னாள் சுரங்கத் தொழிலாளர். நிலக்கரி பற்றிய அறிவை எந்த நூலிலும் பெறலாம். இருட்டில் உடன்பணியாளனின் மூச்சொலியைக் கேட்டு வேலை செய்த கதையை அம்மனிதர் வாயிலன்றி வேறெங்கும் பெற இயலாது. அங்கே வழிகாட்டியே உரிப்பொருள்.

மற்றொரு எடுத்துக்காட்டு நமக்கு இன்னும் நெருங்கியது. இலங்கையில் கண்டி அருகே அந்தானையில், பழைய தேயிலை ஆலை ஒன்றில் தேயிலை அருங்காட்சியகம் உள்ளது. பொறிகளும் முன்னோடித் தோட்ட முதலாளிகளின் நினைவுப் பொருள்களும் நிறைந்தது அது. அதே கண்டி மாவட்டத்தில், கம்பளை அருகே ஓல்ட் பீக்கொக் தோட்டத்தில், சமூக அபிவிருத்தி நிறுவனம் என்னும் அமைப்பு 2007ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளர்க்கென ஓர் அருங்காட்சியகத்தை அமைத்தது. அதற்காக மாளிகை எதுவும் எழுப்பப்படவில்லை. தொழிலாளர் வாழ்ந்த பழைய லயன் அறைகளே காட்சிக் கூடம். உள்ளே வீட்டுப் பாத்திரங்கள், வேலைக் கருவிகள், இசைக்கருவிகள், பழைய ஆவணங்கள். ஓர் அறைக்குள் ஒரு குடும்பம் எவ்வாறு சமைத்தது, உறங்கியது, பிள்ளை பெற்றது என்பதை அவ்வறையின் அளவே சொல்லிவிடுகிறது. முதற்பொருளும் கருப்பொருளும் உரிப்பொருளும் அங்கே ஒன்றாகின்றன.

இலங்கைக்கும் நமக்கும் உள்ள உறவு வெறும் ஒப்புமையன்று. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்பாட்டின் பின் தாயகம் திரும்பிய குடும்பங்களுள் சில கேரள மலைகளிலும் குடியேற்றப்பட்டன. இடுக்கி எல்லையை அடுத்த கவி என்னும் காட்டூரில் அவர்களின் வழியினரை இன்றும் காணலாம். நுவரெலியாவில் பிறந்து கவியில் முதிர்ந்த ஒருவரின் தகரப் பெட்டியைத் திறந்தால் இரண்டு நாடுகளின் தேயிலை வரலாறு அதனுள் இருக்கும்.

ஏன் இப்போதே

இப்பெட்டிகள் நெடுநாள் நமக்காகக் காத்திரா. தோட்டத்தில் வேலை முடிந்து ஓய்வு பெறுபவர் லயத்தைக் காலி செய்ய வேண்டும். மகனோ மகளோ அதே தோட்டத்தில் வேலையில் இருந்தாலன்றி அவர் அங்கே தங்க இயலாது. இறங்கிச் செல்லும் நாளில் சுமக்கத் தக்கவை மட்டுமே உடன் செல்கின்றன. ஓட்டை விழுந்த கூடையும், கிழிந்த கம்பளியும், மங்கிய சம்பளச் சீட்டும் அடுப்புக்கோ குப்பைக்கோ செல்கின்றன.

இன்னும் கொடிய வழியிலும் அவை மறையும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 6ஆம் நாள் இரவு, இராசமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. உறங்கிக்கொண்டிருந்த லயங்கள் மண்ணுக்குள் சென்றன. 70 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் தூத்துக்குடி மாவட்டம் கயத்தாறு பகுதியை வேராகக் கொண்ட குடும்பத்தினர். நாசரேத்தும் அதே மாவட்டத்து ஊரே. அவ்வூரின் சூரியக் கடிகாரம் ஒரு நூற்றாண்டைக் கடந்தும் பேணப்பட்டு நிற்கிறது. கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்களின் திருமணப் படமும் பள்ளிச் சான்றிதழும் பாட்டியின் தண்டட்டியும் ஒரே இரவில் மண்ணாயின. பொருளைப் பேணுவது உயிரைப் பேணுவதாகாது. அது வேறு கடமை, அதனினும் பெரிய கடமை. ஆயினும் போனவர் யாவர் என்று அடுத்த தலைமுறைக்குச் சொல்ல எஞ்சுவது பொருளும் பெயரும் மட்டுமே.

2015ஆம் ஆண்டு செப்டம்பரில் கொழுந்தெடுக்கும் பெண்கள் தாமே ஒன்றுதிரண்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்ததும் நினைவில் நிற்பது. ஆண்கள் தலைமை தாங்கிய சங்கங்களை விலக்கிவிட்டுப் பெண்கள் 20 விழுக்காடு போனசைக் கேட்டுப் பெற்ற நிகழ்ச்சி அது. 232 ரூபாயாக இருந்த நாட்கூலி அதன் பின்னர் 301 ரூபாயாயிற்று. அப்பெண்கள் பிடித்திருந்த கையெழுத்து அட்டைகளுள் எத்தனை இன்று எஞ்சியுள்ளன? நூறாண்டுப் பொறிக்கு உள்ள அருமை பத்தாண்டு அட்டைக்கும் உண்டு. அதன் அருமையை நாம் உணரும் நாளில் அது இல்லாமற் போயிருக்கும்.

நாம் செய்யத் தக்கது

குறை கூறி நிறுத்திக்கொள்ளும் திறனாய்வு பாதித் திறனாய்வு. நம் கையால் செய்யக் கூடியவை சிலவற்றைக் கூறி முடிக்கலாம்.

அலுவலகக் கோப்புகளோடு பழகியவர் அறிந்த உண்மை ஒன்று உண்டு. பதிவில் ஏறாதது நாளடைவில் நடவாததாகிவிடும். ஆகவே முதல் வேலை பதிவு. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலுள்ள பழைய பொருளுக்கு நான்கு வரியில் குறிப்பு எழுதி வைக்கட்டும்: பயன்படுத்தியவர் பெயர், அவர் விட்டு வந்த ஊர், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு. பொருளை எவருக்கும் கொடுக்க வேண்டியதில்லை. குறிப்போடு கூடிய கூடை வீட்டிலிருந்தாலும் அருங்காட்சியகப் பொருளே. குறிப்பில்லாத கூடை பொன்பேழையில் இருந்தாலும் வெறும் பிரம்பே.

இரண்டாவது, முதியோரின் வாய்மொழி. எழுபது எண்பது வயதைக் கடந்தவர்களை உட்கார வைத்து, எந்த வழியாக ஏறினீர்கள், முதற்சம்பளம் எவ்வளவு, எந்தச் சாமியைக் கும்பிட்டீர்கள், என்ன பாட்டுப் பாடினீர்கள் என்று கேட்டுப் பதிவு செய்தல் வேண்டும். இன்று சட்டைப்பையிலிருக்கும் தொலைபேசியே அதற்குப் போதும். மலையாளம் படிக்கும் நம் பேரப்பிள்ளைகள் இப்பணியைச் செய்தால் தமிழையும் உடன் கற்பார்கள்.

மூன்றாவது, வேண்டுகோள். மூணாற்று அருங்காட்சியகத்தை நடத்துவோரிடம் நம் சங்கம் போன்ற அமைப்புகள் பணிவாகவும் தெளிவாகவும் கேட்கலாம். பழைய லயத்து அறை ஒன்றை அதன் உண்மையான அளவில் காட்சியாக்குக. குறிப்புகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுக. ஒளிப்படத்தில் இருப்பவரின் பெயரைக் குடும்பங்களிடம் கேட்டுப் பொறிக்க. ஓய்வு பெற்ற தொழிலாளர் சிலரை வழிகாட்டிகளாக அமர்த்துக. இவற்றுள் எதுவும் பெருஞ்செலவு பிடிப்பதன்று. தொழிற்பள்ளியின் பெயரைக் கடிகாரத்தின் குறிப்பில் எழுதத் தெரிந்தவர்களுக்குத் தொழிலாளியின் பெயரை எழுதத் தெரியாமற் போகாது.

புறநானூற்றுப் பெண் குயவனிடம் கேட்டது பெரிதொன்றுமன்று. தனக்கும் சேர்த்துத் தாழியைச் சற்று அகலமாக்கு என்பதே. மலைநகர் அருங்காட்சியகங்களிடம் நாம் கேட்பதும் அவ்வளவே. தாழி அகலுமானால் உள்ளே வைப்பதற்குரிய பெயர்கள் நம்மிடம் இருக்கின்றன. அவற்றை மறவாமல் எழுதி வைத்திருத்தல் நம் பொறுப்பு.